ஏழாம் நம்பர் குடுவை

பச்சை மரம் காயக் காய எடை குறையத்தான் செய்யும், ஏற வழியே இல்லை. கடைசல் பட்டறையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள் ரத்னா. அவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் தை மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம், ஏழாம் நம்பர் குடுவையை மஞ்சள் பையில் போட்டுக் கொக்கித் தராசில் மாட்டியபோது, முள் போய் நின்ற இடத்தை அவள் நம்பவில்லை. தராசை ஒரு தட்டுத் தட்டினாள். முள் ஆடிவிட்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

இரண்டு கிலோ முந்நூறு. குடுவையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். போன வாரம் அவள் கையாலேயே பென்சிலில் எழுதியிருந்தது, இரண்டு கிலோ நூறு. ஆறாம் நம்பரை எடுத்துப் போட்டாள், ஐம்பது கிராம் குறைந்திருந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று எல்லாமே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகளாகக் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தன. ஏழு மட்டும் ஏறியிருந்தது. மேலே ஷீட் ஒழுகி ஈரம் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மழை விட்டு ஒரு மாசமாகிறதே என்று மனசு கேட்டதும், குடுவையை எடுத்து மறுபடி சுருளுக்குள் புதைத்தாள்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மந்தைவெளியில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய சந்தில், இரண்டு அறை வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஒரு கடைசல் மெஷின், சுவரில் வரிசையாக உளிகள், கால் வைக்கிற இடமெல்லாம் மரச் சுருள். கடைவது அவள் புருஷன் வேலு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மெழுகு ஏற்றுவது, எடை போடுவது எல்லாம் ரத்னா. பிள்ளை குட்டி இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவன்தான், அவனுக்கு அவள்தான். சண்டை போட்டால்கூட சமாதானம் பேச மூன்றாம் ஆள் கிடையாது என்பதால் அவர்கள் அதிகம் சண்டை போடுவதில்லை.

தொண்ணூற்று நாலு ஐப்பசிப் புயலில், ஆழ்வார்பேட்டை விசாலாக்ஷி மாமி வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அந்த வீட்டையே வருகிற சித்திரையில் இடித்து ஃபிளாட் கட்டக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். வீடும் போகிறது, மரமும் போச்சு, ஆளுக்கு ஒரு ஞாபகமாவது இருக்கட்டும் என்று மாமி தன் கூடப் பிறந்தவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் பன்னிரண்டு அலங்காரக் குடுவைகள் கடைந்து தரச் சொன்னாள். வயிறு பூசணிக்காய் மாதிரி அகலம், வாய் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவு. அந்தச் சின்ன வாய் வழியாகக் கொக்கி உளியை விட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல், கைக்கு வரும் அதிர்வையும் காதுக்கு வரும் சத்தத்தையும் வைத்தே வயிற்றைக் குடைய வேண்டும். வேலு அதில் கெட்டிக்காரன். முதலில் தடிமனாகக் குடைந்து, அதன் சுருளிலேயே மாசக்கணக்கில் புதைத்து வைத்து, எடை இறங்குவது நின்ற பிறகு மறுபடி மெஷினில் ஏற்றி மெல்லிசாக்குவான்.

மாமி போட்ட நிபந்தனை ஒன்றுதான். "அடியில ஓட்டை, ஒட்டு ஒண்ணும் இருக்கப்படாது வேலு. முழுசா இருக்கணும். இருந்த மரம் இருந்தபடியே இருக்கற மாதிரி எனக்குத் தோணணும்."

குறுகின வாய்க் குடுவை கடைகிறவர்கள் எல்லோரும் முதல் வேலையாக அடியில் ஊசி கனத்துக்கு ஒரு காத்து ஓட்டை போடுவார்கள். உள்ளே சேருகிற தூளை ஊதித் தள்ள அது வேண்டும். கடைசியில் அதே மரத்துச் சிராயை வைத்து அடைத்துவிடுவார்கள். அப்புறம், ஊதும்போது குழல் வைத்துத்தான் ஊதுவார்கள், மரத்தின் வாயில் மனுஷன் வாயை வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், கண்ணில் தூள் விழும் என்பார்கள். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

ஏழாவதைக் கடைந்த அன்றைக்குக் குழல் பட்டறையில் இல்லை. கெரசின் கிடைக்காத வாரம் அது. விறகு அடுப்பை ஊதுவதற்கு ரத்னா எடுத்துப் போயிருந்தாள். "குழல எட்தா மே" என்று வேலு கொட்டகையிலிருந்து கத்தினான். "இதோ வந்துட்டேன்" என்றாள். சோறு பொங்கிக்கொண்டிருந்தது, வரவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

சோற்றை வடித்துவிட்டுக் குழலோடு போனபோது மெஷின் நின்றிருந்தது. வேலு குனிந்து குடுவையின் வாயில் தன் வாயை வைத்திருந்தான். ஊதுகிறவனுக்குக் கன்னம் உப்பும். அவனுக்குக் கன்னம் ஒட்டி உள்ளே போயிருந்தது. அவன் நிமிரவே இல்லை. ரத்னா தோளைத் தொட்டதும், சப்பென்று ஒரு சத்தத்தோடு உதடு பிரிந்து வந்தது. உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்த தடம்.

"இன்னாயா?" என்றாள்.

"ஒண்ணியுமில்ல. ஊதனேன். உள்ளாரந்து எவனோ இஸ்த மாரி இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கியது. மாமி சொன்னபடி ஓட்டை போடாத குடுவை அது, ஊதினால் தூள் திரும்பி முகத்தில் அடிக்க வேண்டும். அவன் முகம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

தை போய் மாசி வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு ஏறிக்கொண்டே போனது. மூணு கிலோ, நாலரை, ஏழு. அளவில் நூலளவுகூட மாற்றம் இல்லை, வெடிப்பும் இல்லை, மற்ற பதினொன்றோடு நிறுத்தினால் அடையாளம் தெரியாது. கையில் எடுத்தால்தான் தெரியும். ரத்னா வேலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். குடுவையை ஒரு சாக்கில் போட்டு, சுருளை அள்ளிக் கொட்டி, கொட்டகையின் மூலையில் தள்ளி வைத்தாள்.

அதற்குள் வீட்டில் வேறொன்று தொடங்கியிருந்தது. வேலு நடக்கிற சத்தம் குறைந்துபோனது. செருப்பைத் தரையில் இழுத்து இழுத்து நடக்கிறவன் அவன். அந்தச் சரக் சரக்கைக் கேட்டுத்தான் அவள் தட்டு வைப்பாள். இப்போது திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் உட்கார்ந்தால் கயிற்றுக் கட்டில் முனகுவதில்லை, கயிறு தொய்வதில்லை. இளைத்திருக்கிறானா என்று பார்த்தால் இல்லை. கன்னம் அதே கன்னம், தொப்பை அதே தொப்பை, சட்டை அதே அளவு. ஒருநாள் மெஷினில் நாற்காலிக் கால் ஒன்றைக் கடையப் போனான். கடைகிறவன் கையால் மட்டும் கடைவதில்லை, உடம்பு கனத்தை உளிக்குப் பின்னால் கொடுத்து ஊன்ற வேண்டும். உளி பட்டதும் மரம் அவனைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. சுவரில் மோதி விழுந்தான். விழுந்த சத்தமும் வரவில்லை.

"மெஷினு பேஜார் பண்ணுது மே" என்றான். அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கலர் பல்பு சுற்றுகிற எடை மெஷின் ஒன்று உண்டு. காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறு பக்கம் ஜோசியமும் அச்சடித்த அட்டை விழும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது வேலு அதில் ஏறியிருந்தான், ஐம்பத்தெட்டு. இப்போது ரங்கநாதன் தெருவில் பாத்திரம் வாங்கணும் என்று பொய் சொல்லி அழைத்துப் போனாள். கூட்டம் முட்டித் தள்ளியது. யார் மீது தோள் பட்டாலும் வேலு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றான். பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்தே அவள் அவன் மணிக்கட்டை விடவில்லை. மெஷினில் ஏறினான், பல்பு சுற்றியது, அட்டை விழுந்தது. நாற்பத்து நாலு. மறுபக்கத்தில், உங்கள் உழைப்புக்கு ஏற்ற உயர்வு விரைவில் வரும் என்று போட்டிருந்தது. வேலு அதைப் படித்துவிட்டு, மெஷினே டூப்பு என்றான்.

அன்று சாயங்காலம் ஏழாம் நம்பரை இரண்டு கையாலும் தூக்கித் தராசில் மாட்டினாள். உத்தரமே முனகியது. பதினாறு. நாற்பத்து நாலும் பதினாறும் அறுபது. தீபாவளி சமயத்து ஐம்பத்தெட்டும், கடைந்த புதிதில் குடுவை இருந்த இரண்டும் அறுபது. ரத்னா மூணாம் கிளாஸோடு நின்றவள். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட அவளுக்கு விரல் தேவைப்படவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனை டாக்டர் சுந்தரராமன் நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு கோளாறும் இல்லை, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், மோர் நிறையக் குடிக்கச் சொல் என்றார். எடை போட்டுப் பாருங்க என்று அவள் கேட்டதற்கு, ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே அம்மா, நன்றாகத்தானே இருக்கிறார் என்றார். மோருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் எப்படிக் கேட்பது.

கால்வாயின் மேலே புது ரயிலுக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஆறு மணி வரைக்கும் டம், டம் என்று இரும்பு இறங்கும். பாத்திரங்கள் அதிரும், கால்வாயின் அழுகல் நாற்றத்தோடு சிமெண்டுத் தூசியும் சேர்ந்து வரும். அந்தச் சத்தம் நின்றதும் சந்து முழுக்க ஒரு அமைதி விழும், காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி. அப்படி ஒரு சாயங்காலம் வேலு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரசம் சாதம் தின்றுகொண்டிருந்தான். பீடி குடித்துக் குடித்து அவனுக்கு மூச்சு விடும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில் வரும். பதினாறு வருஷமாக அவள் பக்கத்தில் படுத்துக் கேட்ட விசில். அது இப்போது கொட்டகையிலிருந்து கேட்டது.

ரத்னா கரண்டியைக் கீழே வைத்தாள். எதிரே வேலுவின் நெஞ்சு மேலே எழும்பியது. அங்கே, கொட்டகையில், மூச்சு வெளியே போனது, விசிலோடு. இவன் நெஞ்சு இறங்கியது. அங்கே யாரோ இழுத்தார்கள். இவன் மூச்சில் விசில் இல்லை, சத்தமே இல்லை.

வேலு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "உனுக்கும் கேக்குதா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு மாசமா எனுக்குக் கேக்குது. சொன்னா நீ பயந்துக்குவியேன்னு வுட்டுட்டேன்."

அன்றைக்குத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். உடைத்துவிடலாமா, அடுப்பில் வைத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். வேலு தட்டைத் தள்ளி வைத்தான். "நான் பாதிக்கு மேல அங்கதான் கீறேன் மே" என்றான். "எத்த ஒடைப்ப?"

அவன் சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண்டாட்டியால் முடியும். போட வேண்டிய காத்து ஓட்டையைப் போடாததுதானே தப்பு, இப்போது போட்டால் போன மூச்சு வெளியே வந்துவிடும் என்று அவளாகவே முடிவு செய்தாள். வேலு தூங்கும் நேரம் பார்த்து, ஒரு மத்தியானம், கை டிரில்லில் மெல்லிய ஊசியை மாட்டினாள். குடுவையைத் தூக்க முடியாமல் உருட்டிச் சாய்த்தாள். அடிப்பாகம் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. தூள் உதிரவில்லை, ஈரமாகத் திரண்டு ஊசியில் ஒட்டியது. மூன்றாவது சுற்றில் வீட்டுக்குள்ளிருந்து வேலு அலறினான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தான். நடுவில் ஊசி முனை அளவு பொட்டு, அதிலிருந்து ஒரே ஒரு சொட்டு ரத்தம். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மன்னிச்சுக்கோயா, மன்னிச்சுக்கோயா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் தலையில் கை வைத்தான். கை வைத்ததே தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் அவன் எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டான். நடந்தால் கால் தரையில் நிற்கவில்லை. மின்விசிறியைப் போட முடியவில்லை. போட்டால் அவன் நகர்ந்தான். புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டியபடி அவள் விசிறியை அணைத்து, அவன் இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டில் சட்டத்தோடு கட்டினாள். வேட்டி நுனியின் மேல் அம்மிக் குழவியை வைத்தாள். அவன் முகம் மட்டும் மாறவே இல்லை. பார்க்கிறவர்களுக்கு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்திருக்கிற ஆள்.

மற்ற பதினொன்றையும் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருவனை வைத்து மெல்லிசாக்கி, மெழுகு ஏற்றி முடித்தாள். சித்திரை முதல் வாரம் விசாலாக்ஷி மாமி காரில் வந்தாள். கூடவே டிரைவர் செம்பியன். கொட்டகையில் குடுவைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து மாமி கண் கலங்கினாள்.

"என்ன அழகா பண்ணியிருக்கேள். ஊஞ்சல்ல ஒக்காந்துண்டு இந்த மரத்தைப் பாத்துண்டே இருப்போம், தெரியுமோ. பன்னண்டாவது எங்க?"

"அது வெடிச்சிடுச்சுமா" என்றாள் ரத்னா. வேறு பொய் வாயில் வரவில்லை.

மாமியின் பார்வை கொட்டகை மூலையில் இருந்த சாக்குக்குப் போனது. சுருளை விலக்கிவிட்டுக் குனிந்து தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "ஏன் இப்படிச் சுடறது?" என்றாள். பிறகு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். "வெடிக்கவே இல்லையே. இதான் எல்லாத்தையும்விட நன்னா இருக்கு. இது எனக்கு. செம்பியா, எடுத்து வண்டில வை."

செம்பியன் குனிந்து தூக்கப் பார்த்தான். அசையவில்லை. இன்னாமா இது, உள்ள ஈயம் ஊத்தி வெச்சிகீறாங்களா என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் அணைத்து ஒரு பக்கம் சாய்த்தான். அதே நேரம் வீட்டுக்குள் கட்டில் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

ரத்னா ஓடினாள். வேலு கட்டிலோடு ஒருக்களித்துத் தரையில் கிடந்தான், துண்டு அவன் இடுப்பை அறுத்துக்கொண்டிருந்தது. "உருட்டறாங்கோ மே" என்றான். "சொல்லு மே. உருட்ட வாணாம்னு சொல்லு."

கெஞ்சினாள். குடுவை இன்னும் காயவில்லை, இன்னும் ஒரு மாசம் கொடுங்கம்மா என்று மாமியின் காலைத் தொடப் போனாள். மாமி பதறிப் பின்னால் நகர்ந்தாள். கெட்டவள் இல்லை அவள். ஆனால் வீட்டை ஒப்படைக்கிற நாள் வந்துவிட்டது, அண்ணா தம்பி எல்லோரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். "ஒரு மாசத்துக்கு எங்கே போறது ரத்னா. நாளைக்கு மூணு மணிக்கு நாலு ஆளை அனுப்பறேன். ஜாக்கிரதையாத் தூக்கிண்டு வருவா, நீ கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு பேர் தூக்குவார்கள். வண்டியில் போட்டு மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு போவார்கள். இங்கே இவன் என்ன ஆவான் என்று யோசிக்க ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் மனசு போகவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. வாய் வழியாகப் போனதை வாய் வழியாகவே இழுக்க வேண்டும். அவன்தான் இழுக்க வேண்டும். குடுவையை அவளால் இங்கே கொண்டுவர முடியாது. அவனை அங்கே கொண்டுபோக முடியும்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. கரண்ட் இல்லை. தூண் போடுகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வெயிலில் சந்தே வெளுத்துக் கிடந்தது, ஒரு நாய்கூட நடமாடவில்லை. ரத்னா துண்டை அவிழ்த்து, குழவியை நகர்த்தி, புருஷனைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல் ஒரு கையால் இடுப்பில் தூக்கினாள். அவன் கால்கள் நீளமாகத் தொங்கின. கனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழம்புடவைக்குக்கூட அதைவிடக் கனம் இருக்கும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே எட்டடி வெட்டவெளி. பாதி தூரத்தில் கால்வாய்ப் பக்கமிருந்து அனல் காற்று ஒன்று வீசியது. அவன் உடம்பு மேலே எழும்பியது. அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, காற்று போகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கொட்டகைக்குள் இருட்டு. மெழுகு வாசனை. அதற்கு அடியில் பீடி வாசனை, வேர்வை வாசனை, அவன் வாசனை. மூலையில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, நிதானமாக, விசிலோடு.

சுருளில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் வாயைக் குடுவையின் வாயில் பொருத்தினாள். சரியாகப் பொருந்தியது.

"இழுயா" என்றாள். "உன்னுதுதான் அது. முழுசா இழு."

அவன் இழுத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொடையில் ஒரு அழுத்தம். அவன் தலை கனத்தது. தோள் கனத்தது. மடி நோவ ஆரம்பித்தது. பதினாறு வருஷத்துக் கனம், தூக்கத்தில் அவள் மேல் காலைப் போடுகிற அதே கனம், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. சுருள் நசுங்குகிற சத்தம் கேட்டது. இழு, இழு என்றாள். சிரித்தாள். அழுதாள்.

அவன் நெஞ்சு நிறைந்தது. இனிமேல் இடமில்லை என்கிற அளவுக்கு நிறைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இழுத்தவன் விட்டுத்தான் ஆக வேண்டும்.

"வாய எடு" என்றாள். "யோவ், வாய எடுயா."

எடுக்க முடியவில்லை. உதடு மரத்தோடு ஒட்டியிருந்தது. தலையைப் பிடித்து இழுத்தாள். தாடையில் விரலை விட்டு நெம்பினாள். வேலு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அடக்கிக்கொண்டிருந்தான். முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. எவ்வளவு நேரம் அடக்குவான். ஒரு மனுஷனால் எவ்வளவு நேரம் முடியும்.

விட்டான்.

நீளமான மூச்சு. போனது. போய்க்கொண்டே இருந்தது. மடியில் கனம் குறைந்தது. குறைந்தது. இல்லை.

சப்பென்று உதடு பிரிந்தது. அவள் கையில் சட்டை இருந்தது, வேட்டி இருந்தது, அதற்குள் ஏதோ ஒன்று, உளியிலிருந்து உரிந்து விழுகிற சுருளின் மெல்லிசில், முகம் மாதிரி ஒரு மடிப்போடு. அவள் மூச்சு பட்டதும் அது படபடத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குடுவை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது.

மூச்சுச் சத்தம் இல்லை. விசில் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தவழ்ந்து போய்க் குடுவையைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தை அதன் வயிற்றில் வைத்தாள். சூடாக இருந்தது. "உள்ள கீறியாயா" என்று கேட்டாள். அவனைத் தொட வேண்டும் போல் இருந்தது. ஒரே ஒரு தடவை. கை நுழையாது. ஆள்காட்டி விரலை வாய் வழியாக உள்ளே விட்டாள்.

இருட்டில் ஒரு கை வந்து அந்த விரலைப் பற்றியது.

வெதுவெதுப்பாக. பதமாக. அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நான் இங்கதான்யா கீறேன்" என்றாள். "புட்ச்சிக்கோ. வுட மாட்டேன். எங்கியும் போவ மாட்டேன்."

பிடி இறுகியது.

கொஞ்ச நேரம் கழித்து, குடுவையின் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல வெகு தூரத்தில், வேலுவின் குரல் கேட்டது.

"ரத்னா. எங்க மே கீற நீ? ஒண்ணியும் தெர்ல. கைய நீட்டு மே. எனுக்கு எட்டல."

அவள் விரலைப் பற்றியிருந்த கை, அவசரமே இல்லாமல், இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது.